நாற்பது ஹோர்ஸ் பவர்

"டீ வேணாம் அண்ணன், முதல்ல போட்டைக் காட்டுங்க" என்றார் அஸ்ஹர்.

நீட்டிய டீயை லிங்கம் கீழே வைத்தார். டீயை மறுக்கிற இன்சூரன்ஸ் ஆபீசரிடம் என்ன சலுகையை எதிர்பார்க்க முடியும்?

பதுளை டவுனில் கடை வைத்திருக்கும் லிங்கம், லுணுகலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே உள்ள குளத்தில், சவாரிக்கென்று ஒரு சின்ன போட் விட்டிருந்தார். பழைய இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது. புதுப் பேப்பர் இல்லாமல் போட்டை இறக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையோ, புலமைப்பரிசில் பரீட்சை பாஸான, தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் ஆறு பேரை ஏற்றுவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். இன்று வெள்ளி.

அஸ்ஹர் போட்டைச் சுற்றி வந்தார். பின்பக்கம் ஒட்டியிருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்றார்.

"இதுக்குக் கீழ ஒரு தகடு இருக்கணும். சாமி படம், நான் கை வைக்கக் கூடாது. நீங்களே எடுங்க."

தகடு இருந்தது. ஆயுத பூசையன்று, அது ஏதோ கம்பெனி பேர் என்று நினைத்து, சந்தனம் பூசிப் படத்தை ஒட்டியவரே லிங்கம்தான். இப்போது நகத்தால் சுரண்டினார். எழுத்து தெரிந்தது. எஞ்சின் பதினைந்து ஹோர்ஸ் பவருக்கு மேல் கூடாது.

போட்டில் மாட்டியிருந்தது நாற்பது.

"வர்றவங்க எல்லாம் வேகம் கேக்குறாங்க தம்பி. மெதுவாப் போனா திட்டுறாங்க."

"இந்த போட் அவ்வளவு பெரிய எஞ்சினைத் தாங்காது. வேகமாத் திருப்பினா கவுந்திடும். கவுந்தா எந்தக் கம்பெனியும் ஒரு சதம் தராது. தெரிஞ்சே ஆள் ஏத்தினீங்கன்னு கேஸும் உங்க மேலதான். சின்ன எஞ்சின் மாட்டுங்க, அன்னைக்கே வந்து எழுதித் தாறேன்."

"ரெண்டு நாள்ல எஞ்சினுக்கு நான் எங்க போவேன்? இந்த ஒரு தடவை கண்டுக்காம விடுங்களேன்."

"ஏலாது."

அவ்வளவுதான். மனுசன் பைக்கை ஸ்டார்ட் பண்ணிப் போயே போய்விட்டார்.

"கல்நெஞ்சுக்காரன்!" லிங்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. கரைக்கும் ரோட்டுக்கும் நாலு தடவை நடந்தார். பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பது? ஐந்தாவது நடையில் போனை எடுத்து, வேறொரு கம்பெனி ஏஜென்ட்டான புவனேந்திரனைக் கூப்பிட்டார். ஒரே தெருக்காரர், நம்ம ஆள்.

புவனேந்திரன் ஒரு மணி நேரத்தில் காரில் வந்து இறங்கினார். டீ குடித்தார். ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டார். போட் பக்கம் போகவே இல்லை. கார் பொனட்டில் வைத்தே இன்சூரன்ஸ் பாரத்தை நிரப்பினார்.

"எஞ்சின் நாப்பதுங்கிறது..." என்று இழுத்தார் லிங்கம்.

"பதினைஞ்சுன்னு போட்டுட்டேன் அண்ணே. குளத்துல இறங்கி யாரு பாக்கப் போறா? இங்க ஒரு சைன் வைங்க."

"அஸ்ஹர் என்னமோ கேஸு அது இதுன்னு பயமுறுத்தினாரு."

"அவரு பொழைக்கத் தெரியாத மனுசன். நீங்க தைரியமா ஓட்டுங்க. நானிருக்கேன்ல!"

லிங்கம் கையெழுத்துப் போட்டார். பிரீமியத்தையும் கொடுத்தார். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. இப்படி ஒரு மனுசன் இருக்கும்போது அந்த ஆளிடம் போய்க் கெஞ்சினோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"தெய்வம் மாதிரி வந்தீங்க தம்பி. உங்க மக சுபாஜினியும் புலமைப்பரிசில் பாஸ்தானே? ஞாயித்துக்கிழமை அவளையும் கூட்டிட்டு வாங்க. முன் சீட்டு அவளுக்குத்தான்!"

புவனேந்திரன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. ஒரு தடவை போட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தபடி குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணே. எம் புள்ளைய நான் அதுல ஏத்த மாட்டேன்."