குழாயில் சத்தம்

பிரேமலதாவுக்குக் குடிநீர்ப் புகார் எண்ணில் போன் எடுக்கிற வேலை. தண்ணீர் வராத ஊர்க்காரர்கள் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை அவளைத் திட்டுவார்கள். "நீ மட்டும் குளிச்சிட்டுத்தான வந்திருப்ப?" என்பார்கள். திருப்பித் திட்டக் கூடாது. அதனால் வேலை முடிந்ததும் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் முங்கி, தண்ணீருக்குள்ளேயே, "என்னால முடியல" என்று தொண்டை கிழியக் கத்துவாள். மூன்று முறை. பிறகு துணி மாற்றிக்கொண்டு பஸ் ஏறுவாள். கரையில் யாருக்கும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை திசையன்விளையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"எம்மா, எங்க தெருவுல ஆத்துத் தண்ணிக் குழாயத் தொறந்தா ஒரு பிள்ள 'என்னால முடியல'ன்னு கத்துதா. மூணு தடவ. பொறவுதான் தண்ணி வருது."

பிரேமலதா 'குழாயில் சத்தம்' என்று எழுதிக்கொண்டு புகார் எண் கொடுத்தாள். அன்றும் மறுநாளும் அவள் ஆற்றுக்குப் போகவில்லை.

புதன்கிழமை அதே பெண் மறுபடி கூப்பிட்டாள்.

"தண்ணி வரலியா?" என்று கேட்டாள் பிரேமலதா.

"தண்ணிக்கு ஒரு கொறையும் இல்ல. சத்தத்தத்தான் காணோம். தெருவே குடத்த வச்சிக்கிட்டு நிக்கோம், யாருக்கும் பிடிக்க மனசு வரல. அந்தப் பிள்ளைக்கு என்னம்மா ஆச்சு?"

"பாக்கச் சொல்லுதேன்" என்று போனை வைத்தாள்.

ஐந்தரைக்கு ஆற்றில் முங்கினாள். கத்தவில்லை. "இங்கனதான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். மூச்சு முட்டி மேலே வருவதற்குள், தண்ணீருக்கடியில், குடங்கள் ஒவ்வொன்றாக நிரம்பும் சத்தம் கேட்டது.