கோடு வளையும் இடம்

பொருளியல் சங்கத்தின் கூட்ட அறையில் கணவர் கட்டுரை வாசிக்கிறார். அதை எழுதிய அவர் மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை, உறுப்பினர் அல்லாதவர் அங்கே வாசிக்கவும் முடியாது. சாய்ந்து விழும் வெயிலில் சாக்பீஸ் தூள் மிதக்கிறது. கூலி உயர உயர உழைக்கும் நேரமும் கூடுவதாகக் காட்டி, கரும்பலகையில் அவர் ஒரு கோட்டை மேலே இழுத்துக்கொண்டே போகிறார். அவள் ஆலைத் தொழிலாளர்களிடம் கண்டதும் கட்டுரையில் எழுதியதும் அதுவல்ல. கூலி ஓரளவு உயர்ந்து வீட்டுத் தேவை தீர்ந்ததும், மனிதர்களுக்குக் காசைவிட ஓய்வு பெரிதாகிவிடுகிறது. வேலை நேரம் குறைகிறது, கோடு அந்த இடத்தில் பின்பக்கமாக வளைய வேண்டும். மடியிலிருக்கும் அவள் விரல் தன்னையறியாமல் எழுந்து காற்றில் வளைகிறது. கணவர் அதைப் பார்த்துவிடுகிறார். உள்ளங்கையால் அழித்து, கோட்டை வளைக்கிறார்.

“அடேயப்பா, மூளைன்னா இதுதான்யா!” என்கிறார் தலைவர்.

“என் மூளை இல்லீங்க. கட்டுரை முழுக்க என் மனைவி எழுதினது.”

அறை குலுங்கிச் சிரிக்கிறது. “பாவம், ராத்திரி சாப்பாடு கிடைக்கணுமே மனுஷனுக்கு!” என்று யாரோ சொல்ல, தலைவர் கண்களைத் துடைத்தபடி அவள் பக்கம் திரும்புகிறார். “ஏம்மா, இப்படியா மிரட்டி வெச்சிருக்கீங்க?”

எல்லா முகங்களும் அவள்மேல் இருக்கின்றன. “ஆமாம், நான்தான் எழுதினேன்” என்றால் போதும். காதுமடல் சுடுகிறது. பலகையருகே கணவர் மட்டும் சிரிக்காமல், அவள் சொல்லட்டும் என்று காத்து நிற்கிறார். அவள் சிரிக்கிறாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.