சாக்கடையோரப் பரீட்சை

விடுதிச் சமையலறைக்குப் பின்னால், சாக்கடையை ஒட்டி மூன்று நாற்காலிகள் போட்டாயிற்று. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கொசுக்கள் கடை திறக்கும் நேரம்.

ஒரு நாற்காலியில் விடுதி வார்டன். பக்கத்தில் அவளுடைய அத்தான். எதிரில், இருவருக்கும் நீதிபதியாக, அக்கா. அத்தானுக்கு மனைவி, பள்ளிக்குத் தலைமையாசிரியை. ஆக, வார்டனுக்கு வீட்டிலும் மேலதிகாரி, வேலையிலும் மேலதிகாரி.

வழக்கு இதுதான். காட்டு முகாமுக்குப் போகும் விடுதிப் பிள்ளைகள் கொசுக்கடிக்கு எதை நம்பிப் போவது? அத்தான் தன் கம்பெனியில் காய்ச்சி இலவசமாகத் தரும் மூலிகை எண்ணெயையா, வார்டன் கேட்கும் மருந்துக்கடை லோஷனையும் பூச்சிமருந்தில் தோய்த்துக் காயவைத்த முழுக்கைச் சட்டைகளையுமா?

“சட்டைக்கு மருந்தாம். ஏம்மா, காய்ச்சல் சட்டைக்கா வருது?” என்று அத்தான் கேட்டதற்கு ஆசிரியர் அறையே சிரித்தது.

வார்டன் சிரிக்கவில்லை. போன வருஷமும் இலவசம்தான். எண்ணெய் மணக்க மணக்கப் போன பிள்ளைகளில் ஒருத்தி காய்ச்சலோடு திரும்பினாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஆஸ்பத்திரித் தலையணையில் கொத்துக் கொத்தாக உதிர்ந்து கிடந்த அவள் முடியைப் பொறுக்கி எடுத்தவள் வார்டன்.

“சரியாப் பூசியிருக்க மாட்டா” என்பதோடு அத்தான் விஷயத்தை முடித்துவிட்டார்.

அதனால்தான் இந்தப் பந்தயம். கட்டியவள் வார்டன். உங்கள் எண்ணெயை நீங்களும் பூசுங்கள், நானும் பூசுகிறேன். சாக்கடையோரம் உட்காருவோம். உங்களைக் கொசு கடித்தால் நான் கேட்பதை வாங்க வேண்டும். கடிக்காவிட்டால் உங்கள் எண்ணெய்தான்.

அத்தான் இரண்டாம் பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். வீட்டிலேயே பூசிக்கொண்டும் வந்துவிட்டார். எலுமிச்சைப்புல் வாசனை அவருக்கு முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்தது.

வார்டன் அவர் கொண்டுவந்த எண்ணெய்ப் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்து, கஞ்சத்தனம் பார்க்காமல் பூசிக்கொண்டாள். அக்காவின் பார்வை தங்கையின் முகத்தில் நின்றது. புதுக் கண்ணாடி. பட்டையான சிவப்பு பிளாஸ்டிக் ஃப்ரேம்.

“என்னடி இது, பொம்மைக் கடையில வாங்கினியா?”

“நல்லா இல்லையாக்கா?” என்றபடி, வழுக்கி இறங்கிய கண்ணாடியை எண்ணெய் விரலால் மூக்கில் ஏற்றிவிட்டாள் வார்டன்.

கொசுக்கள் வந்தன. வார்டனின் கையில் சொந்த வீடு போல உட்கார்ந்தன. அவள் ஓங்கி அடித்த அடியெல்லாம் கொசுவுக்கு ஒரு விரற்கடை தள்ளியே விழுந்தது. அடிப்பதும் கண்ணாடியை ஏற்றிவிடுவதுமாகவே பொழுது போயிற்று.

அத்தானின் அரைக்கைச் சட்டைப் பக்கம் வந்தவையோ, விலாசம் தப்பி வந்தவை போலத் திரும்பிப் போயின.

இருட்டுவதற்குள் வார்டனின் கை தடித்துச் சிவந்துவிட்டது. அத்தானின் கை வெண்ணெய் போல இருந்தது.

“எண்ணெயில ஒரு குறையும் இல்லம்மா. உன் ரத்தம் அப்படி. அதுக்கு நான் என்ன பண்ண?”

அக்கா எழுந்துவிட்டாள். “போதும். எண்ணெயே இருக்கட்டும். தோத்துட்டடி நீ.”

“சரிக்கா.” வார்டன் கண்ணாடியைக் கழற்றினாள். “அத்தான், முகம் கழுவிட்டு வந்துடறேன். இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா? கீழ வெச்சா நானே மிதிச்சிடுவேன்.”

ஜெயித்தவர்களுக்குத் தாராளம் அதிகம். வாங்கிக்கொண்டார். பிள்ளைகளை ஆளுக்கொரு பாட்டிலோடு நிறுத்திப் படம் பிடித்தால் விளம்பரத்துக்கு எப்படி எடுபடும் என்று, கண்ணாடியை விரலுக்குள் உருட்டியபடியே அக்காவுக்கு விளக்க ஆரம்பித்தார்.

வார்டன் அவசரப்படவில்லை. குழாயடியில் நின்று, முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு வந்து கையை நீட்டினாள்.

கண்ணாடி வரவில்லை. அத்தானின் கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்ததும், பிசின் விடுபடுவது போலப் பிய்ந்து வந்தது.

அவள் அதைச் சமையலறை விளக்கடியில் பிடித்து அக்காவுக்குக் காட்டினாள். மூக்குப் பக்கம், அவள் எண்ணெய் விரல் மாலை முழுக்கப் பட்ட இடம், வாங்கியபடியே பளபளத்தது. காதுப் பக்கம் இளகி, அதில் ஒரு கட்டைவிரல் ரேகை வரி வரியாகப் பதிந்திருந்தது.

பிறகு தன் பையிலிருந்து மருந்துக்கடை லோஷன் பாட்டிலை எடுத்துத் திருப்பி, கடைசி வரியில் விரலை வைத்தாள். அக்கா வாய்விட்டே படித்தாள். “பிளாஸ்டிக் பொருள்கள் மேல் படக் கூடாது. இளகும்.”

“வேர்வைம்மா அது” என்றார் அத்தான்.

“தோத்தது நான்தான்க்கா,” என்றாள் வார்டன். “ஆனா ஜெயிச்சது எண்ணெய் இல்ல.”

அக்கா கணவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. எண்ணெய்ப் பெட்டியைக் காலால் அவர் பக்கமே தள்ளிவிட்டாள்.

“சட்டை என்னென்ன அளவுல வேணும்னு காலையில சொல்லுடி.”

வார்டன் பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த தன் பழைய கம்பிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். மாலை முழுக்க மங்கலாகவே இருந்த அத்தானின் முகம் இப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

அக்கா சொன்னது சரிதான். சிவப்புக் கண்ணாடியைப் பொம்மைக் கடையில்தான் வாங்கியிருந்தாள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் லோஷனை ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, இருப்பதிலேயே சீக்கிரம் இளகுவது எது என்று கேட்டவளை, கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.