அரிசி டின்னில் ஒரு காமிக்ஸ்

கே.கே. நகர் வீட்டுக் கூடத்தில் பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீளமாகப் போட்டிருக்கிறது. கரண்ட் இல்லை. நாகலக்ஷ்மியின் பெயருக்குத் தபாலில் வந்த இந்த மாதக் காமிக்ஸை மகள் ஸ்யாமளா பிரிக்கிறாள். அச்சு மையின் வாசனை எழுகிறது. நாகலக்ஷ்மி இறந்து இருபது நாளாகிறது. வாசகர் கடிதப் பக்கத்தில் ஸ்யாமளாவின் விரல் நின்றுவிடுகிறது. "அப்பா, அம்மா போட்ட லெட்டர் வந்திருக்கு." குரலைத் தாழ்த்தி வாசிக்கிறாள்: "வழக்கம்போல இந்த இதழையும் என் கணவர் ஒளித்துவைப்பார். சாயங்காலத்துக்குள் நானும் கண்டுபிடித்துவிடுவேன்." சுப்பராமன் புத்தகத்தை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போகிறார். அரிசி டின்னுக்குள் அதைப் புதைத்து, மூடியை அழுத்தி மூடிவிட்டு வந்து உட்காருகிறார். "என்னப்பா இது?" "சும்மா இரும்மா. பேசினா எங்க வச்சேன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோயிரும்." ஸ்யாமளா சிரிக்கப் பார்க்கிறாள், உதடு அசையவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. கம்பிகளின் நிழல் அடுக்களை வாசற்படியைத் தொடுகிறது. இருவரும் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே டின் மூடியை யாரோ நெம்பித் திறக்கும் சத்தம் கேட்கிறது. அரிசி சரிகிறது. பிறகு, நிதானமாக, ஒரு பக்கம் புரள்கிறது.