ஒரு தப்பு போடுங்க

“தப்பு போடுங்க மிஸ், நான் கேக்கறது அவ்ளோதான்…”

“சரியா எழுதினதுக்கு எப்படிம்மா தப்பு…”

“இன்னா மிஸ் சரி? எனக்குப் பொறந்த வருஷமே காது குத்தியாச்சு. அதப் போய் தெனம் ஒருத்தர் வந்து குத்துவாரா?”

நாஸியா மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். மார்க் போதவில்லை என்று சண்டைக்கு வந்த அம்மாக்களை அவள் இருபத்திரண்டு வருடமாக வண்டி வண்டியாகப் பார்த்தவள். போட்ட மார்க்கை எடு என்று வந்து நின்றவள் இந்த ஜோன் ஒருத்திதான்.

டி.நகர் ஜவுளிக்கடையின் ஊதா யூனிஃபார்ம் சேலை, அதில் கோணலாகக் குத்திய பேட்ஜ். கடையில் பர்மிஷன் போட்டுவிட்டு ராஜா அண்ணாமலைபுரத்துப் பள்ளிக்கூடம் வரைக்கும் ஓடி வந்திருக்கிறாள். எதற்கு? பெற்ற பெண்ணின் மார்க்கைக் குறைக்க.

இருவருக்கும் நடுவில் கிடந்தது, நேற்று கையெழுத்துக்காக வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய ஐந்தாம் வகுப்பு ஜெசிகாவின் தமிழ்த் தேர்வுத்தாள். கடைசிக் கேள்வி, ‘காது குத்துதல்’ என்ற மரபுத்தொடரை வாக்கியத்தில் அமைக்க வேண்டும். ‘அப்பா தினமும் அம்மாவுக்குக் காது குத்துகிறார்’ என்று எழுதியிருந்தாள் ஜெசிகா. பக்கத்தில் நாஸியாவின் டிக், இரண்டுக்கு இரண்டு.

வகுப்பில் நாற்பத்தோரு பிள்ளைகள். மூன்று வாரம் தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்தும், ‘காக்கா பிடித்தல்’ என்றால் மொட்டைமாடியில் வலை விரித்தவர்கள் ஒன்பது பேர். ‘கம்பி நீட்டுதல்’ என்றதும் ஒருவன் வெல்டிங் பட்டறையையே வர்ணித்து வைத்திருந்தான். சொல்லுக்குள் ஒளிந்திருப்பதைப் பிடித்தவள் இந்த ஒரு பெண். அந்த அறிவு அம்மா வழியில் வரவில்லை என்பது மட்டும் நாஸியாவுக்கு உறுதியாகிவிட்டது.

“ஏம்மா, இது மரபுத்தொடர். நேர் அர்த்தம் எடுக்கக் கூடாது. புரியுதா?” ஒன்றாம் வகுப்புக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

“புரியறதுக்கு இன்னா கீது? கொயந்த ஒண்ணும் தெரியாம கம்மல் போடறத எழுதிட்டா. கண்ண மூடிக்கினு டிக் போட்டுட்டு எனக்குப் பூ சுத்தாதீங்க மிஸ்.”

“நான் பூ சுத்தறேனா? எம்.ஏ. தமிழ் படிச்சவம்மா நான்.”

“அப்ப தப்பு கண்ணுக்குத் தெரியணுமே.”

நாஸியா பதில் சொல்வதற்குள் ஜோனின் போன் அடித்தது. உட்கார்ந்திருந்தவள் எழுந்தே விட்டாள். “ஆங்… கடையிலதாங்க இருக்கேன். பில்லு போட்டுக்கினு இருந்தேன், அதான் ஒடனே எடுக்கல. இல்லீங்க… இல்லீங்க… சரி.”

நாஸியாவின் உதடு கோணியது. பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்துகொண்டு பில் போடுகிறாளாம். கட்டிய புருஷனிடமே இப்படிக் கூசாமல் புளுகுகிறவள் பெண்ணின் தமிழைத் திருத்த வந்துவிட்டாள்.

“சார்தானே? அவரையே வரச் சொல்லுங்க. அவருக்காவது தமிழ் தெரியுதான்னு பாக்கறேன். சனிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங்ல இந்த வாக்கியத்தைத்தான் எல்லாருக்கும் படிச்சுக் காட்டப் போறேன்.”

“ஐயோ, வேணாம் மிஸ்.” ஜோனின் குரல் முதல்முறையாக இறங்கியது. “இன்னிக்கு அவரு இதுல கையெழுத்துப் போடணும். தப்புன்னு இருந்தா பாத்து சிரிச்சிட்டுப் போட்டுருவாரு.”

“பொண்ணு தப்பு பண்ணினா அப்பா சிரிப்பாரா? நல்ல குடும்பம்தான். ரெண்டு மார்க் போனா அவ முதல்லேருந்து மூணாவதுக்குப் போயிடுவா, தெரியுமில்ல?”

“போவட்டும்.”

“பரிசு கிடையாது.”

“வேணாம்.”

“நீங்க நிஜமாவே அவளைப் பெத்தவங்கதானா?”

ஜோன் தாளை இன்னும் ஒரு அங்குலம் நாஸியா பக்கம் தள்ளினாள். அந்த ஒரு அங்குலத்தில் நாஸியாவின் பொறுமை தீர்ந்தது. இந்த மண்டைக்கு உடைத்துச் சொன்னால்தான் ஏறும்.

“நல்லாக் கேட்டுக்கோங்க. காது குத்தறதுன்னா ஏமாத்தறது. உங்க வீட்டுக்காரர் தினமும் உங்களை ஏமாத்தறார்னு உங்க பொண்ணு எழுதியிருக்கா. தெரிஞ்சேதான் எழுதியிருக்கா. பத்து வயசுப் பொண்ணுக்குத் தெரிஞ்சது கூட இருக்கற உங்களுக்கு உறைக்கலை. இப்பவாவது புரியுதா?”

சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள். இனி அழுகை வரும், தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைக்கலாமா என்றுகூட நினைத்தாள்.

ஜோன் அழவில்லை. கீழே மைதானத்தில் ஜெசிகா கூச்சலிட்டு விளையாடும் சத்தம் கேட்ட ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நாஸியாவிடம் நீட்டினாள்.

“எனக்குத் தெரியும் மிஸ். அவளுக்கும் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா, இனிமே அடி ரெண்டு பேருக்கு.”