உள்ளிருப்பது தெரிய வேண்டும்

மூன்றாவது கேள்வியை எழுதிக்கொண்டிருந்தபோது அந்த அழுகை வந்தது.

முதலில் யார் பிள்ளையோ என்றுதான் நினைத்தாள். கல்லூரி வாசலில் யார் யாரோ வருவார்கள், போவார்கள்.

அடுத்த வீறலில் தெரிந்துவிட்டது. மார்புக்குத் தெரிந்த பிறகுதான் காதுக்குத் தெரிந்தது.

துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள்.

மூன்றாவது கேள்வி ஒரு தொழிற்சாலையைப் பற்றியது. உற்பத்தியில் தானாக ஆவியாகிப் போவது இயல்பான இழப்பு. எதிர்பாராமல் சிந்திப்போவது அசாதாரண இழப்பு. இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட வேண்டும்.

அவள் சுடிதாரில் கசிந்ததில் எது எந்த இழப்பு என்று பிரிக்க முடியவில்லை.

பிள்ளை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காம்பைப் பிடிக்கத் தெரியவில்லை. வாயில் வைத்தால், வீடு மாறி வந்துவிட்டவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆகவே எல்லா வேளையும் மெஷின்தான். மெஷின் பாலை எடுக்கும். புருஷன் இசக்கிராஜ் அதைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டுவான். நடுவில் அவளுக்கு மாட்டின் பதவி.

இன்று காலை மெஷின் வெகுநேரம் உறுமிப் பார்த்தது. பரீட்சை பயத்தில் பால் இறங்கவில்லை. வந்தது ஒரு வேளைக்குத்தான் காணும்.

சமாளித்துவிடலாம் என்றான் இசக்கிராஜ். அவன் எதற்கும் அதைத்தான் சொல்வான். ஆட்டோவில் பிரேக் பிடிக்காதபோதும் அதைத்தான் சொன்னான்.

அந்த ஆட்டோவில்தான் இப்போது வாசலில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறான். கையில் காலிப் பாலாடை இருக்கும்.

மெஷின் வராந்தாவில், பைகளின் குவியலில் கிடக்கிறது. ஹால் சூப்பர்வைசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எலக்ட்ரானிக் சாதனம், அனுமதி இல்லை என்றார். இளவயதுக்காரர். என்ன சாதனம் என்று கேட்கவில்லை.

பேப்பரைக் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம். ஆனால் இது கடைசி அரியர். அடுத்த முறை பாடத்திட்டமே மாறிவிடும். ஓடினால் டிகிரி இல்லை.

அழுகை.

எழுந்தாள். பாத்ரூம் போக வேண்டும் என்றாள். தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள்.

பாத்ரூமுக்குப் பாட்டில் எதற்கு என்ற கேள்வி சூப்பர்வைசர் முகத்தில் எழுந்தது. கூச்சப்பட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

லேபிளை உரித்த பிளாஸ்டிக் பாட்டில். உள்ளிருப்பது தெரிய வேண்டும் என்பது விதி. காய்ச்சி ஆறிய தண்ணீர் இருந்தது. பாதியைக் குடித்தாள். மீதியால் கையையும் மார்பையும் கழுவினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையால் பீய்ச்சச் சொல்லிக்கொடுத்தபோது ஒரு சொட்டு வரவில்லை. இங்கே, பினாயில் நெடியில், கதவில் யாரோ யாரையோ உயிருக்குயிராகக் காதலிப்பதைப் படித்துக்கொண்டே பீய்ச்சினாள்.

அழுகை கேட்கக் கேட்க வந்தது.

பாட்டிலில் இரண்டு விரற்கடை.

திரும்பி வரும் வழியெல்லாம் வாக்கியத்தைத் தயாரித்தாள். சார், இதை வாசலில் நிற்கும் ஆட்டோவில் கொடுக்கச் சொல்ல முடியுமா. இது என்ன என்று கேட்பார். தாய்ப்பால் என்பது சுவரொட்டியில் வரும் சொல். சாரிடம் சொல்லும் சொல்லாக அது இன்னும் ஆகவில்லை.

பெஞ்சில் பாட்டிலை வைத்து வாயைத் திறப்பதற்குள் பறக்கும் படை உள்ளே வந்துவிட்டது.

படை என்றால் ஒருவர்தான். வேறு கல்லூரிப் பேராசிரியர். சட்டைக் காலரில், செருப்புக்கு அடியில், ஒருமுறை இட்லிக்குள்ளும் பிட்டைக் கண்டுபிடித்தவர் என்று பெயர். நேராக அவள் பெஞ்சுக்கு வந்தார். பாட்டிலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

உள்ளிருப்பது தெரிந்தது. அதுதான் பிரச்சினை.

என்ன இது என்றார். பால் என்றாள்.

பாலால் எழுதினால் கண்ணுக்குத் தெரியாது, சூடு காட்டினால் தெரியும். இதெல்லாம் தெரிந்தவர் அவர். குலுக்கினார். மூடியைத் திறந்து முகர்ந்தார்.

பிறகு அதை அவளிடம் நீட்டி, ஒரு வாய் குடித்துக் காட்டச் சொன்னார்.

ஹாலில் பேனாக்கள் நின்றன.

அவளுக்கு ஒரு வாய். வாசலில் அது ஒரு பாலாடை. முழுதாக ஒரு பாலாடை.

கையை நீட்டினாள். சிந்திவிடும் என்று மடக்கிக்கொண்டாள்.

வெளியே அழுகை ஒரு கணம் நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறியது.

"அழுறது கேக்குதுல்லா சார்," என்றாள். "அவளுக்கு எடுத்தது."

அவர் பாட்டிலைப் பார்த்தார். துப்பட்டாவின் ஈரத்தைப் பார்த்தார். உடனே சுவரைப் பார்த்தார்.

மூடியைத் திருகினார். இறுக்கினார். இன்னொரு முறை இறுக்கினார்.

பிறகு ஹால் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்.

"பறிமுதல்."

சூப்பர்வைசர் அவசரமாகப் படிவத்தைத் தேடினார். பேராசிரியர் அதற்குக் காத்திருக்காமல் பாட்டிலோடு வெளியேறினார்.

பறிமுதல் செய்வதையெல்லாம் அலுவலக அறையில் ஒப்படைப்பார்கள். அது இதே மாடியில், வராந்தாவின் வலது கோடியில் இருந்தது.

அவள் எட்டிப் பார்க்கவில்லை. ஹாலில் எட்டிப் பார்ப்பதும் குற்றம். காதை மட்டும் வெளியே அனுப்பினாள்.

ஷூ சத்தம் இடது பக்கம் போயிற்று. படிக்கட்டில் இறங்கியது. முதல் சில படிகள் பேராசிரியர் இறங்குவதைப் போல. அப்புறம் இரண்டிரண்டு படிகளாக.

அழுகை இன்னும் நிற்கவில்லை.