கைப்பைக்குள் சண்டை

ஸ்டெல்லா டீச்சரின் கைப்பைக்குள் ஜெபமாலையும் சாக்பீஸும் எந்நேரமும் சண்டை போட்டன.

“பகல் பூரா உன்னைத்தான் கையிலே வெச்சிருக்காங்க. என்கிட்ட வர்றப்போ அவங்களுக்குக் கொட்டாவிதான் வருது” என்றது ஜெபமாலை.

“உனக்கு முத்தம் குடுக்கிறாங்க. என்னைத் தேய்ச்சே தீர்க்கிறாங்க” என்றது சாக்பீஸ்.

ஒரு சாயங்காலம் டீச்சர் பையை, தான் தினமும் பேசிக்கொண்டே தண்ணீர் ஊற்றும் பள்ளிக்கூடத்துக் கொய்யா மரத்தில் மாட்டிவிட்டு, அதற்குத் தண்ணீர் எடுக்கப் போனார். இரண்டும் பைக்குள் இருந்தபடியே மரத்தின் மேல் எரிந்து விழுந்தன.

“உன்கிட்ட மட்டும் மணிக்கணக்கா அப்படி என்னதான் பேசுறாங்க?”

மரம் வெடுக்கென்று சொன்னது: “நாளைக்கு நடத்தப்போற பாடத்தைச் சொல்லிப் பார்ப்பாங்க. அப்புறம் பிள்ளைங்க பேரை ஒவ்வொண்ணாச் சொல்லி ஜெபம் பண்ணுவாங்க. தண்ணிதான் எனக்கு, மனசெல்லாம் உங்ககிட்ட. நீங்க ரெண்டு பேரும் தொலைஞ்சாதான் எனக்கு விடிவு!”

அன்று வீடு போய்ச் சேரும்வரை பைக்குள் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.